கூடுதல் பெட்ரோல் யார் கணக்கில்?

சிக்னலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் லேசாகக் குலுங்குகிறது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் மை போலக் கரி ஒட்டுகிறது. பிளக்கைக் கழற்றினால் அதன் முனையிலும் அதே உலர்ந்த கரி. பின்னால் பைக்கில் நிற்பவருக்குக் கண் எரிகிறது. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை. எந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினாலும் ஐட்லிங்கில் ரிச்சாக ஓடுகிறது என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிக்கல் அதற்கடுத்த அடியில் தொடங்குகிறது. இப்படிக் கரி கக்கும் இரண்டு கார்களில் ஸ்கேனரைச் செருகினால் இரண்டு எதிரெதிர் எர்ரர் கோடுகள் வரலாம். ஒன்றில் பி0172: கலவையில் பெட்ரோல் அதிகம். இன்னொன்றில் பி0171: கலவையில் பெட்ரோல் குறைவு. கரி கக்குகிற எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அதை ஆளும் கம்ப்யூட்டரே பதிந்து வைத்திருக்கும்போது, ஸ்கேனர் பொய் சொல்கிறது என்று ஒதுக்கிவிட்டுக் கைக்குக் கிடைத்த பாகத்தை மாற்றத் தொடங்குவது வழக்கம். ஆனால் அந்தக் கோடு பொய்யில்லை. பழுதைக் காட்டிக்கொடுக்கும் முதல் சாட்சியே அதுதான். ரிச் ஐட்லிங்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கூடுதலாகச் சேரும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் குறைக்கப் போராடுகிறதா, இல்லை அதுவே ஊற்றிக்கொண்டிருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்ப் பாகத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதைவிடக் குறைந்தால் கலவை ரிச், கூடினால் லீன். ரிச் கலவையில் எல்லாக் கார்பனுக்கும் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. பாதி எரிந்த கார்பன், கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. கலவை 10 சதவீதம் ரிச்சானால், வினையூக்கி மாற்றிக்கு முன்னால் அளக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு மூன்று, நான்கு சதவீதம் வரை போகும். பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் சட்டம் அனுமதிப்பது 0.3 சதவீதம். வினையூக்கி மாற்றி அந்த நச்சைத் தின்றுவிடுமே என்று கேட்கலாம். தின்னும், ஆனால் எரிக்க அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ரிச் புகையில் இல்லாதது அதுதான். அதனால் கலவையை 14.7-ஐ விட்டு நகராமல் பிடித்து வைப்பது, இன்றைய வினையூக்கி மாற்றிக்குக் கட்டாயம்.

பிடித்து வைக்கும் வேலை ஆக்சிஜன் சென்சாரை நம்பி நடக்கிறது. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976-ல் வால்வோ கார்களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் உள்ளே இருப்பது இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்கோனியா என்னும் பீங்கான். 1890-களின் இறுதியில் ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் மின்விளக்கு செய்யப் பயன்படுத்தியதும் இதே வகைப் பீங்கானைத்தான். சூடேறினால் இதன் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்றால் 0.9 வோல்ட், தாராளமாக இருந்தால் 0.1 வோல்ட். இங்கே அடிக்கோடிட வேண்டிய செய்தி, இந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது என்பது. ஆக்சிஜன் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரின் ஊகம்: ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் குறைவு, மிஞ்சவில்லை என்றால் பெட்ரோல் அதிகம். ஆரோக்கியமான எஞ்சினில் இந்த ஊகம் பிசகுவதில்லை. பழுதான எஞ்சினில் பிசகும்.

ஊகத்தின்படி கம்ப்யூட்டர், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் இ.சி.எம்., இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தம் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்ற பெயரில் சதவீதமாக வரும். நொடிக்கு நொடி மாறும் குறுகிய காலத் திருத்தம் ஒன்று, கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும் நீண்ட காலத் திருத்தம் இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பிளஸ் என்றால் இ.சி.எம். பெட்ரோலைச் சேர்க்கிறது, மைனஸ் என்றால் வெட்டுகிறது. பூஜ்யத்தின் இருபுறமும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 20 என்றால், கணக்கில் வராத பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது, அல்லது உள்ளே வரும் காற்றை இ.சி.எம். கூடுதலாக மதிப்பிட்டுவிட்டது. புகை ரிச்சாக இருக்கும்போதே பிளஸ் 20 என்றால், இ.சி.எம். ஏமாற்றப்படுகிறது, கரிக்குக் காரணமான பெட்ரோலை ஊற்றுவது அதுதான். இந்த ஒற்றைக் குறியீடு சந்தேகப் பட்டியலில் பாதியை முதல் நிமிடத்திலேயே அழித்துவிடுகிறது.

அடுத்தது, இந்த எண்ணை ஐட்லிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்.பி.எம்-மில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் பார்ப்பது. இரண்டு இடம் ஏன் என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். 1.2 லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் விநாடிக்குச் சுமார் 2 கிராம் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை 0.136 கிராம் பெட்ரோல். எங்கிருந்தோ விநாடிக்கு 0.02 கிராம் பெட்ரோல் கசிந்து சேர்கிறது. நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிலிட்டரை ஒட்டி வரும்; ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. ஐட்லிங்கில் இது 15 சதவீதக் கூடுதல். 2,500 ஆர்.பி.எம்-மில் காற்று 7 கிராமாக ஏறினால் அதே கசிவு 4 சதவீதம்தான். சாலையில் 15 கிராம் காற்றில் 2 சதவீதம், யாருக்கும் தெரியாது. ஆக, ஐட்லிங்கில் மட்டும் தலைகாட்டி வேகத்தில் மறையும் பழுது, அளவு மாறாத ஒரு கசிவின் அடையாளம். பெட்ரோல் அழுத்தம் கூடிப்போவது போன்ற பழுதுகள் அப்படியில்லை. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், அழுத்தம் 10 சதவீதம் ஏறினால் பெட்ரோல் 5 சதவீதம் கூடும், ஐட்லிங்கிலும் கூடும், வேகத்திலும் கூடும். இரண்டு இடத்தில் எடுத்த எண்களின் வேறுபாடு இந்த இரு வகைப் பழுதுகளையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஐட்லிங்கில் பெரிய மைனஸ், 2,500-ல் இயல்பு. இந்தக் கோலத்தைக் கண்டால் முதல் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல் விழ வேண்டும். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைக் கரிப்பெட்டி ஒன்று பிடித்து வைக்கிறது; பர்ஜ் வால்வு திறக்கும்போது எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரிக்கிறது. வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஆவி ஓயாமல் வரும். ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசை உச்சத்தில் இருக்கிறது. உள்ளே வரும் காற்றோ மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து ஐட்லிங்கைத்தான் பதம் பார்க்கும். பெட்ரோல் நிரப்பிய கையோடு கோளாறு கூடுகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. சோதனைக்குக் காசு தேவையில்லை. வால்வின் மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, கரிப்பெட்டியிலிருந்து வரும் ஹோஸைப் பிடுங்கி, வால்வின் அந்த வாயில் விரலை வைத்தால் போதும். இணைப்பு இல்லாத வால்வு மூடியிருக்க வேண்டும். விரலை உறிஞ்சினால் அது மூடவில்லை. இணைப்பைக் கழற்றாமல் பார்த்தால் தவறான முடிவுக்கு வர நேரும், ஏனெனில் ஐட்லிங்கிலும் இ.சி.எம். அவ்வப்போது வால்வைத் திறக்கும்.

பர்ஜ் வால்வு தப்பினால் ஒழுகும் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். பிளக்குகளுக்கு உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான். நான்கில் ஒன்று மட்டும் கரியேறி மற்ற மூன்றும் வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரையோ தீப்பொறியையோ பார்க்கலாம். நான்கும் கறுத்திருந்தால் காரணம் பொதுவானது. ஒழுகும் இன்ஜெக்டர் உள்ள வண்டியைச் சூட்டோடு நிறுத்தி அரை மணி கழித்து ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். பழைய அமைப்பில் பிரஷர் ரெகுலேட்டர் எஞ்சின் மேலேயே இருக்கும். அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்த்து உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. புதிய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள் போய்விட்டதால் இந்தச் சந்தேகமே எழாது. இன்னொரு காரணத்தைப் பலரும் நினைப்பதில்லை: எஞ்சின் ஆயிலில் கலந்துவிட்ட பெட்ரோல். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஆயிலில் சேரும் பெட்ரோல், எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆவியாகி, கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாய் வழியே இன்டேக்குக்குத் திரும்புகிறது. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும். ஆயில் மாற்றினாலே ட்ரிம் பாதி சரியாகும் வண்டிக்கு இன்ஜெக்டர் வாங்கிப் போடுவது வீண் செலவு.

காற்றைத் தவறாக எண்ணும் பழுது வேறு ரகம். பல சிறிய கார்களில் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேப் சென்சார் மேனிஃபோல்டின் அழுத்தத்தைச் சொல்ல, அதைக் கொண்டு இ.சி.எம். காற்றைக் கணக்கிடுகிறது. நல்ல எஞ்சின் சூடான ஐட்லிங்கில், ஏ.சி. அணைந்திருக்கும்போது, 30 முதல் 35 கிலோபாஸ்கல் காட்டும். 45 காட்டினால் காற்று அதிகம் வருவதாக நினைத்து இ.சி.எம். பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சார் சரியா என்று பார்க்க எளிய வழி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்வது. அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100-ஐ ஒட்டி, 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 77-ஐ ஒட்டி. அது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் எண் உயர்ந்தால் சென்சாரைக் குற்றம் சொல்லக் கூடாது. அதற்கு வரும் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவியிருக்கலாம். வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம். கடைசி இரண்டிலும் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்மையாகவே குறைந்திருக்கிறது, சென்சார் அதைத்தான் ஒப்பிக்கிறது.

இனி, புகை ரிச்சாக இருந்தும் ட்ரிம் பிளஸ்ஸில் நிற்கும் கார். அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், சென்சாருக்கு முன்னால், மயிரிழை வெடிப்பு ஒன்று இருக்கிறது. ஓட்டை இருந்தால் புகை வெளியே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கத் தோன்றும். எஞ்சின் புகையைத் துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குழாயில் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்குகிறது. ஐட்லிங்கில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீளம், புகையும் சொற்பம். அந்த இடைவெளியில் வெடிப்பு வழியே வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. சென்சார் ஆக்சிஜனைக் காண்கிறது; பெட்ரோல் குறைவு என்று இ.சி.எம். முடிவு கட்டி ஊற்றுகிறது. எரியும் அறைக்கு வராத காற்றுக்கு ஈடாக ஊற்றிய பெட்ரோல் கரியாகிறது. வேகத்தில் புகை ஓட்டம் பெருகி, நுழைகிற காற்றின் பங்கு அற்பமாகி, ட்ரிம் இயல்புக்குத் திரும்புகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் மேனிஃபோல்டுப் பக்கம் டிக் டிக் என்ற சத்தம் கேட்டுச் சூடேறியதும் அடங்கினால், இந்த வெடிப்பைத் தேட வேண்டும்.

பலவீனமான இக்னிஷன் காயிலும் இதையே செய்யும். நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாமல் விட்டால் அதன் காற்று முழுதும் அப்படியே புகையில் கலக்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதால், கலந்த புகையில் 5 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். எரியாத பெட்ரோலும் கூடவே வருகிறது, ஆனால் அது சென்சார் பரப்பில் முழுதாக எரிந்து ஆக்சிஜனைத் தீர்ப்பதில்லை. சென்சார் லீன் என்கிறது. இ.சி.எம். ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஊற்றுகிறது. பிளக்குகள் கறுக்கின்றன. புதுப் பிளக் போட்டதும் தீப்பொறி எளிதாகப் பாய்ந்து சில நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை. பிளக்கின் கரி பழுதின் விளைவு. காரணம் காயிலில் இருக்கிறது. சென்சார்தான் செத்துவிட்டதோ என்ற ஐயத்தையும் நொடியில் தீர்க்கலாம். ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விட வேண்டும். அழுத்தும்போது 0.8, 0.9 வரை ஏறி, விட்டதும் எரிபொருள் நின்று 0.1-க்கு இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. எப்படி மிதித்தாலும் அடியிலேயே கிடந்தால்தான் சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகிக்கலாம்.

ட்ரிம் பூஜ்யத்திலேயே உறைந்து நின்று புகை ரிச்சாக இருப்பது மூன்றாவது கோலம். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி, இ.சி.எம். ஆக்சிஜன் சென்சாரின் பேச்சையே கேட்கவில்லை. எஞ்சினின் சூட்டை அதற்குச் சொல்லும் கூலன்ட் வெப்பச் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இணைப்பில் துரு ஏறி மின்தடை கூடினால் கொதிக்கும் எஞ்சினும் இ.சி.எம்-முக்கு விடிகாலைக் குளிராகத் தெரியும். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் வெப்பமும் உள்காற்று வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருபது டிகிரி தள்ளி நின்றால் இரண்டில் ஒன்று தவறு.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு: மூக்கும் பிளக்கின் நிறமும் இத்தனை காலம் சோறு போட்டன, எண்கள் எதற்கு? கார்புரேட்டர் காலத்தில் அந்த முறை சரியாகவே வேலை செய்தது, மறுக்க முடியாது. அங்கே மிக்சர் திருகை வைத்த இடத்தில் கலவை நின்றது. நடுவில் திருத்துகிற கை எதுவும் இல்லை. இன்று அந்தக் கை இருக்கிறது. மூக்கும் ஏமாறும்: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூக்கில் ஏறுவது எரியாத பெட்ரோல்தான், அது லீன் கலவை எரியாமல் போனாலும் வரும். ஏர் ஃபில்டர் அடைத்தால் ரிச்சாகும் என்பதும் கார்புரேட்டர் காலத்து மிச்சம்தான். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஃபில்டரைத் தாண்டி வந்த காற்றுக்கே கணக்கு. ஐட்லிங்கில் ஏறக்குறைய மூடிய த்ராட்டில் தரும் தடைக்கு முன்னால் ஃபில்டரின் தூசி ஒரு பொருட்டல்ல. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டரை அடைத்தும் நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜ் குறையவில்லை. எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் மேல் பழி போடுவதும் இப்போது சகஜம். எத்தனாலில் ஆக்சிஜன் கலந்தே இருப்பதால் ஈ20-க்கு 1 பங்குக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். பழைய கணிப்பில் ஓடும் கார் இதனால் லீன் பக்கம்தான் சாயும், இ.சி.எம். சில சதவீதம் பெட்ரோலைச் சேர்த்து ஈடுகட்டும். ரிச் ஐட்லிங்குக்கு ஈ20-ஐக் காரணம் சொல்பவர் திசையையே மாற்றிச் சொல்கிறார்.

கனமான ஆட்சேபம் வேறொன்று. மைனஸ் ட்ரிம் போட்டு இ.சி.எம். சரிக்கட்டிவிட்டால் புகை சுத்தமாகத்தானே இருக்கும், பிறகு கவலை எதற்கு? உண்மைதான், பி0172 விழுந்த காரின் புகை சட்ட வரம்புக்குள் இருப்பது நடக்கக்கூடியதே. ஆனால் வெட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. இன்ஜெக்டரைக் குறிப்பிட்ட நேரத்துக்கும் குறைவாகத் திறந்தால் அது சீராகத் தெளிக்காது. எல்லை தாண்டியதும் மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவுகிறது. அதற்கும் மேலே போய்ச் சிலிண்டர் எரியாமல் விட்டால், பெட்ரோலும் காற்றும் வினையூக்கி மாற்றியில் எரிந்து அதை உருக்குகின்றன. பர்ஜ் வால்வின் விலையில் முடிய வேண்டிய வேலை அதன் பல மடங்கு விலைக்கு ஏறுவது இப்படித்தான்.

இந்தியாவில் 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது. செல்போனோடு இணையும் எளிய கருவியே ட்ரிம்மைக் காட்டும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சம்மதிக்கும் முன், எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் ஒன்று, 2,500 ஆர்.பி.எம்-மில் ஒன்று என்று ட்ரிம் எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். பழுது பார்த்தபின் பழைய ட்ரிம்மை அழித்துவிட்டு அதே இரண்டு எண்களை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைகளில் பல எஞ்சினை ஓடவிட்டுச் செய்பவை. காற்றில் கார்பன் மோனாக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் உயிர் போகும். ரிச்சாக ஓடும் எஞ்சின் அதைவிடச் செறிவாகக் கக்குகிறது, வாசனையும் வராது. மழையோ வெயிலோ, ஷட்டர் போட்ட ஷெட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.